கலங்காத தண்ணீர்

14.3.1988, திங்கள். ராஜபாளையம்.

பேண்டேஜ் துணியை ப்ளீச்சிங் செய்து கடைசியாக அலசிய தண்ணீர் என்று மேஸ்திரி செல்லையா லேபில் என் முன்னால் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். ப்ளீச்சிங் மருந்தின் குளோரைடு போகாமல் மிஞ்சியிருந்தால் பால்போல் கலங்கும். கலங்கவில்லை. அதுதான் உறுத்தியது. எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு; துணி படாமலே லேசாகக் கலங்கும்.

“எந்தத் தண்ணில அலசினிய, அண்ணாச்சி?”

“கிணத்துத் தண்ணிதான் தம்பி. வேற எங்க போவ?”

“இது பேட்டரிக்கு ஊத்துற தண்ணி.”

“சுத்தமா இருந்தாலும் குத்தமா? கையெழுத்தப் போடுங்க, லாரி நிக்கி.”

போடவில்லை. என் கையெழுத்து இல்லாமல் சரக்கு வாசலைத் தாண்டாது. பேண்டேஜ் கட்டு ஒன்றிலிருந்து நானே ஒரு முழம் துணி கிழித்து, லேபில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். பாலாகக் கலங்கியது. புண்ணில் கட்டுகிற துணி. திரும்ப அலசச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வந்தால் லாரி இல்லை. வாட்ச்மேனைக் கேட்டேன்.

“நீங்க கையெழுத்துப் போட்ட தாளக் காட்டித்தான சார் போனாவ.”

செல்லையா சம்பளத்துக்கே கைநாட்டு வைக்கிறவர். என் கையெழுத்தைத் தினமும் பார்க்கிறவர் மானேஜர் ஒருவர்தான்.