நீல டிரம்முக்குள் இருந்தது

மே 6, செவ்வாய்
காலையிலேயே வெயில். வீட்டில் இருந்தவர்கள்: நான், அவர், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் யசோ (எட்டாம் மாதம்). வேறு யாரும் இல்லை.

புத்தர் படத்துக்கு முன் வைக்க நீல டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டேன். பெயிண்ட் மாதிரி வாசம். வழக்கமாக டிரம் தண்ணீர் மறுநாளே தீர்ந்துவிடும். டேங்கர் வராததால் மூன்று நாளாகத் தேங்கியது.

டிரம், போன மாதம் பங்காருபேட்டையில் வாங்கிய பழையது. பொறுக்கியது நான். ஐந்து தடவை கழுவினேன்: சோப்புத்தூள், புளி, சாம்பல், கொதிநீர் இரண்டு முறை. "சுத்தம்" என்று சொன்னதும் நான்.

யசோ: "யம்மா, உனுக்கு எல்லாத்துலயும் வாசன! தண்ணிலகூடவா?" சிரித்தபடி ஒரு சொம்பு குடித்தாள். பிடுங்கியிருக்க வேண்டும்.

மே 7, புதன்
காற்று. தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுப் புழுதி வாசல் வரை.

டிரம்மைக் காலி செய்து கழுவித் துடைத்தேன். வாசம் இல்லை. மூடி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் மறுபடி அதே. எதிர்வீட்டில் வாங்கிய தண்ணீர் நான்கு குடம் விட்டு, வெயிலில் நிறுத்தி, கலக்காமல் மோந்து எழுதியது:

ஒரு மணி நேரம்: சுவரோரம் லேசாக. நடுவில் இல்லை.
மூன்று மணி நேரம்: சுவரோரம் நன்றாக. நடுவில் லேசாக.
சாயங்காலம்: இரண்டும் ஒன்று.
அதே தண்ணீர், எவர்சில்வர் குடம்: இல்லை.

குற்றம் தண்ணீரில் இல்லை. பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கிறது. ஊறுகாய் டப்பாவைக் கழுவிச் சர்க்கரை போட்டால் சர்க்கரையில் ஊறுகாய் வாசம் வருமே, அப்படி. நான் கழுவியது மேல்தோலை. அது போனதும் உள்ளிருப்பது மேலே வருகிறது, அங்கிருந்து தண்ணீருக்கு. எப்போது தீரும்? தெரியவில்லை. யசோ குடித்தது பத்தொன்பது நாள்.

அவர்: "இன்னாமே, டிரம்ம மோந்துகினு உக்காந்துகினு கீறே?" சொன்னேன். குரலைத் தாழ்த்தினார். "யசோகிட்ட இப்ப சொல்லாத. பயந்துக்கும்."

குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினேன். எதற்கு என்று யசோ கேட்டாள். டேங்கர் வரவில்லை, அதனால் என்றேன்.

மே 8, வியாழன்
புழுக்கம். பஞ்சசீலம் சொல்லும்போது நான்காவதில் வாய் நின்றுவிட்டது. பொய் சொல்லமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

எழுந்துபோய் யசோவிடம் எல்லாம் சொன்னேன். அழவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "அஞ்சு வாட்டி கழுவுனியேம்மா" என்றாள்.

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா: "டிரம்ல என்ன இருந்துச்சுன்னு தெரியாம எதுக்குன்னு டெஸ்ட் எழுதுறது? பேரைக் கொண்டு வாங்க. குழந்தை அசையிறத எண்ணிக்கிட்டே இருங்க."

பெயர் லேபிளில் இருந்திருக்கும். செத்த மீன் படம் போட்ட லேபிள்; அது விஷ எச்சரிக்கை என்று இப்போதுதான் புரிகிறது. அழுக்கென்று கத்தியால் சுரண்டிப் போட்டேன். பெயர் போய்விட்டது. உள்ளே இருந்தது போகவில்லை.

மே 9, வெள்ளி
மேகமூட்டம். அவர் முதல் ரயிலில் பங்காருபேட்டை போனார். டிரம் கடை பூட்டு, திரும்பி வந்துவிட்டார். நான் போன் செய்தேன். கடைக்காரர்: "சோப்பு கம்பெனி டிரம்முங்கக்கா. ஊரே வாங்கினு போவுது, யாரும் கேக்கல, நீங்க மட்டும் கேக்கறீங்க." எந்தக் கம்பெனி? "பாத்து சொல்றேங்கா." அப்புறம் எடுக்கவேயில்லை.

குழந்தையின் அசைவு, ஒரு மணி நேரத்தில்: நேற்று சாயங்காலம் பதினொரு முறை. இன்று நான்கே முறை. ஆஸ்பத்திரிக்குப் போக அவர் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார்.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதன் நகல்:

"தம்பி, உங்கள்மேல் புகார் கொடுக்கப் போவதில்லை. டிரம்மைத் திருப்பித் தந்து பணமும் கேட்கவில்லை. அதில் முன்பு இருந்த பொருளின் பெயர் மட்டும் வேண்டும். தெரியாவிட்டால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்றாவது எழுதுங்கள். என் மகளுக்காகக் கேட்கிறேன். சீக்கிரம் பதில் அனுப்புங்கள்."