எண்ணூறு மீட்டரில் புதுப் பெயர்

என் பிரியமான ஜெசி அக்காவுக்கு,

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளன்றே சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாயைத் திறப்பதற்குள் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அத்தான் வேறு காற்றில் அணைந்து அணைந்து போகிற திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியையிடம் வேறு என்ன எதிர்பார்ப்பார்கள்? உடற்பயிற்சியின் அவசியம் பற்றி இரண்டு பக்கம். அதற்குப் பதிலாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும். நான் செய்த காரியம் நாலு பேருக்குத் தெரிந்தால்தான் எனக்கும் மனசு ஆறும்.

எண்ணூறு மீட்டரில் உன் சாதனை போய்விட்டது, அக்கா.

நம் கல்லூரி இன்னும் நாம் படித்த அதே சின்னக் கல்லூரிதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பேருந்தில் நடத்துநர் ஊர் பெயர் சொல்லாமல் “காலேஜ் எறங்கு” என்றுதான் இன்னமும் கத்துகிறார். மைதானத்தில் நானூறு மீட்டர் வட்டம் போட இடமில்லை. இருநூறுதான். எண்ணூறு ஓட நாலு சுற்று. ஒருத்தி ஈட்டி எறிய வந்தால் கோகோ பிள்ளைகள் எல்லாம் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். கோடு போடுகிற அய்யாத்துரை அண்ணாச்சிக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. சுண்ணாம்புப் பொடியா நரையா என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

உன் பெயர் இருந்த சாதனைப் பலகை அலுவலகத்துக்குப் போகிற வழியில் அதே சுவரில்தான் இருக்கிறது. அந்தச் சாதனையை ஓடியபோது நீ மூன்றாம் ஆண்டு, நான் முதலாம் ஆண்டு. அந்த விளையாட்டு விழாவில் நான் உனக்கு வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன் என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறாள். உனக்காவது உண்மை தெரியும். கடைசி வளைவில் உயிரைக் கொடுத்துத்தான் ஓடினேன். உன் முதுகை எட்ட முடியவில்லை. முடித்த பிறகு வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே நீ சிரித்தாய்: “ஏட்டி, நீ பின்னால வந்த சத்தத்துலதாம்ட்டி நான் இம்புட்டு வேகமா ஓடுனேன்.” அந்தச் சாதனையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு நீ ராஜபாளையத்து மில் அலுவலகத்தில் வேலைக்குப் போனாய். கல்யாணம், பிள்ளைகள். ஓட்டத்தை விட்டுவிட்டாய். நான் உடற்கல்வி படித்து அதே கல்லூரிக்கே ஆசிரியையாக வந்தேன். இருபது வருடத்துக்கு மேல் உன் பெயரைத் தாண்டித்தான் தினமும் மைதானத்துக்குப் போனேன். நீ போன பிறகு அந்தப் பலகையை நானே துடைக்க ஆரம்பித்தேன். கல்லறைக்கு மாதம் ஒரு முறை, பலகைக்குத் தினமும்.

நீ இறந்த நாலாவது மாதம் மாரீஸ்வரி வந்து சேர்ந்தாள்.

சேத்தூர்ப் பிள்ளை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விவசாயம். முதல் பேருந்தைப் பிடித்து ஆறரைக்கெல்லாம் மைதானத்தில் நிற்பாள். முதல் நாள் எண்ணூறு மீட்டர் தேர்வு ஓட்டத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். மூன்றாவது சுற்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் களைப்பில் தோள் காதுக்கு ஏறிவிடும். அவளுக்கு ஏறவில்லை. உனக்கும் அப்படித்தான். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பயிற்சி இல்லாத பிள்ளை, உன் நேரத்துக்குச் சில நொடிகள்தான் பின்னால் இருந்தாள்.

என்ன செய்திருக்க வேண்டும் நான்? துள்ளிக் குதித்திருக்க வேண்டும். “உனக்கு ஆயிரத்தைந்நூறுதான் பொருத்தம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஓட்டத்துக்கு நம் கல்லூரியில் ஆள் இல்லை என்பது உண்மை. அவளுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்காது என்பதும் உண்மை. இப்படி உண்மையான காரணங்களாகவே அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு அடியில் இருந்த காரணத்தை நான் பார்க்கவே இல்லை. நீ போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது, அக்கா. அந்தச் சுவரில் இருந்த உன் பெயரும் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் முதல் வருடம் அவள் ஆயிரத்தைந்நூறில் நாலாவது. மறு வருடம் மூன்றாவது. பல்கலைக்கழக அணிக்கு முதல் இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். நான் அவளுக்கு வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும், எடுத்ததை வைத்துக்கொண்டு?

இந்த ஆண்டு விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் அறைக்கு வந்தாள்.

“மிஸ், ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது.”

“கேளு.”

“போர்டுல எண்ணூறுக்கு நேரா இருக்குறது உங்க அக்காதான?”

“யாரு சொன்னா?”

“அய்யாத்துரை அண்ணாச்சி சொன்னாவ.” போனை எடுத்து மேசையில் வைத்தாள். “ஞாயித்துக்கெழம நானும் எங்கூடப் படிக்கிற செல்வியும் இங்க வந்து ஓடிப் பாத்தோம் மிஸ். செல்விதான் டைம் எடுத்தா. ரெக்கார்டுக்கு உள்ள வருது.”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “லீவு நாள்ல யாரக் கேட்டு கிரவுண்டுக்குள்ள வந்தீங்க? போன்ல எடுக்குற டைமெல்லாம் ஒரு டைமா?”

“வந்தது தப்புதான் மிஸ். ஆனா என்னைய ஏன் எண்ணூறுல விடமாட்டேங்கிய? அவிய பேரு போயிரும்னா?”

நான் போனை அவள் பக்கமாகத் தள்ளினேன். அவள் அதை எடுக்கவில்லை.

“அவிய பேர அழிக்கணும்னு நான் கேக்கல. எனக்கு யுனிவர்சிட்டி டீமுல எடம் வேணும். இந்த வருசத்தோட எனக்குப் படிப்பு முடிஞ்சிரும் மிஸ்.”

“வகுப்புக்குப் போ” என்றேன். போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தலையில் முடி இல்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். “என்னட்டி, என் ரெக்கார்ட இன்னும் ஒருத்தியும் ஒடைக்கலயா? நீ என்னத்தத்தான் சொல்லிக்குடுக்க?” நர்ஸ்கூடச் சிரித்தாள். அதை நான் எப்படி மறந்தேன்? மறந்தேனா, இல்லை மறந்த மாதிரி வைத்துக்கொண்டேனா?

மறுநாள் காலையில் மாரீஸ்வரி ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நீ கேட்டது சரிதான். அந்தப் பேருக்காகத்தான் ஒன்னைய விடல. எனக்கே அது ஒழுங்காத் தெரியல. தப்பு என் பேர்லதான்” என்றேன்.

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். “ரெண்டு வருசம் போச்சே மிஸ்” என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. எழுந்து நின்றாள். “இன்னைக்கு எத்தன சுத்து?”

விழா அன்று முடிக்கிற கோட்டில் மூன்று கடிகாரம். ஒன்று அண்ணாச்சியிடம், ஒன்று ராஜபாளையத்திலிருந்து வருகிற கணக்குப் பேராசிரியர் ராஜு சாரிடம், ஒன்று என்னிடம். துப்பாக்கி வெடித்தது. முதல் இரண்டு சுற்று அவள் யாரையும் முந்தவில்லை. மூன்றாவது சுற்றில் தனியாகப் பிரிந்து வந்தாள். கடைசி வளைவில் கோகோ பிள்ளைகள் எல்லாம் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து கத்தினார்கள். நான் கத்தவில்லை. கடிகாரப் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் கோட்டைக் கடந்தாள். மூன்று பேரும் அழுத்தினோம்.

“அய்யய்யோ, அம்மாயி பறந்துட்டாளே!” என்றார் ராஜு சார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; அவருக்குப் பெண் பிள்ளைகள் எல்லாம் ‘அம்மாயி’தான். அவர் கடிகாரமும் அண்ணாச்சி கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின. உன் சாதனைக்கு ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் உள்ளே. என் கடிகாரம் மட்டும் வெளியே காட்டியது.

ராஜு சார் குனிந்து பார்த்தார். “ஒங்களுது மட்டும் தனியா நிக்குதே மேடம்?”

மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் கணக்கு. அது விதி. ஆனாலும் என் விரல் ஏன் தாமதித்தது? கண்ணில் நீர் இருந்ததாலா? இல்லை, கடைசி நேரத்திலும் அந்த விரல் உன் பக்கம் நின்றுவிட்டதா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் தயங்காமல் சொன்னேன்: “என்னுது தப்பு சார். அவிய ரெண்டு பேரோடதையும் எழுதுங்க.”

ஒலிபெருக்கியில் நான்தான் அறிவித்தேன். பழைய சாதனை யாருடையது என்று முதலில் படிக்க வேண்டும் அல்லவா? உன் பெயரை முழுதாகப் படித்தேன். குரல் உடையவில்லை. மாரீஸ்வரியின் பெயரைச் சொல்லும்போதுதான் உடைந்தது. அவள் வேப்பமரத்தடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் போய் முதுகைத் தடவினேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கேட்டாள்: “அந்தப் புள்ள சாப்ட்டுச்சா? ஜெசிக்கும் ஓடி முடிச்சா சோறு எறங்காது. எலுமிச்சஞ்சாறு குடுத்தியா?” கொடுத்தேன் என்றேன். “பொறவென்ன” என்று வைத்துவிட்டாள்.

பலகையை எழுத ராஜபாளையத்திலிருந்து ஓவியர் வந்தார். உன் பெயரின் மேல் கறுப்பு அடிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். நிற்க வேண்டும் என்று தோன்றியது. அவர் ‘மாரிஸ்வரி’ என்று எழுதிவிட்டு இறங்கினார். அந்த வழியாக வந்த மாரீஸ்வரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அண்ணே, ரீக்கு நெடிலு. ரெண்டு வருசம் காத்திருந்து வாங்குன எடம்ணே, தப்பில்லாம எழுதுங்க” என்றாள். அவர் மறுபடியும் ஏணியில் ஏறினார். நான் சிரித்தேன். அந்த இடத்தில் நின்று நான் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

பிறகு நடந்ததையும் கேள். இந்த வருடக் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் எண்ணூறில் அவள் முதல். பல்கலைக்கழக அணியில் எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்கு அடுத்த வாரம் ரயிலேறுகிறாள். முதல் ரயில் பயணம். அவளுடைய அம்மாவும் கூட வருகிறார். “நாத்து நட்டு முடிச்சாச்சு மேடம், எம்புள்ள ஓடுறத நான் பாத்ததே இல்ல, நானும் வாரேன்” என்றார். வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. எண்ணூறு ஓட முன்பெல்லாம் பிள்ளைகளைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். பலகையில் இருந்த நேரத்தைப் பார்த்தே பயந்துவிடுவார்கள். இப்போது ஐந்து பேர் தாங்களாகவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். செட்டியார்பட்டியிலிருந்து வருகிற முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, “மாரியக்கா ரெக்கார்ட நான் ஒடைக்கலாமா மிஸ்?” என்று கேட்கிறாள். மாரீஸ்வரி முறைக்கிறாள். பிறகு அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள்.

பலகையைத் துடைப்பதை விடவில்லை, அக்கா. வேறு பெயராக இருந்தாலும் தூசி படிகிறதே. உன்னை நினைக்க அந்தச் சுவர் தேவைப்படவில்லை என்பது பெயர் போன பிறகுதான் தெரிந்தது. காலையில் பிள்ளைகள் ஓடி வருகிற சத்தம் கேட்டாலே போதுமாக இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எந்தப் பிள்ளை வந்தாலும், எந்த ஓட்டம் வேண்டும் என்று முதலில் அவளிடமே கேட்பேன். அவள் ஓடிய நேரத்தை ஓடியபடியே சொல்வேன். மாரீஸ்வரியின் பெயருக்கும் ஒரு நாள் கறுப்பு அடிக்க வேண்டி வரும். அதைச் செய்யப் போகிறவள் இப்போது எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாளோ. அந்த நாள் வரும்போது மாரீஸ்வரி எங்கே இருந்தாலும் நானே தேடிப்பிடித்துக் கூப்பிட்டு, “வா, வந்து நீயே ஒரு கடிகாரத்தைப் பிடி” என்பேன்.

என்றைக்கும் உன் தங்கை,
ரோஸ்லின்