செத்துப்போன அப்பாவுக்கு வந்த தூபச்சட்டி

அன்புள்ள மகன் செங்ஹானுக்கு அம்மா சொல்லி எழுதுவது. கர்த்தர் காத்துவரும் இந்த நிமிடம் வரை நானும் உன் தங்கையும் பன்றியும் சுகமாக இருக்கிறோம், மலையில் நீயும் உன் சின்னச் சபையும் அப்படியே இருக்க வேண்டும் என்று சோற்றில் கை வைக்கும் முன் தினமும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பிக்ஹாதான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு சிப்பி உடைக்க வந்தவள், எழுத்து கோணலாக இருந்தால் பதிலில் அதைப் பற்றி ஒன்றும் எழுதிவிடாதே, அப்புறம் ஒரு வாரத்துக்குத் தலை நிமிரமாட்டாள்.

இந்த வருஷம் கடலம்மா மாட்சூ கோயில் தூபச்சட்டி நம் வீட்டுக்கு விழுந்துவிட்டது. சிரிக்காதே, நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் நடப்பதுதானே, சுவா பெரியவர் சந்து சந்தாக வீட்டுத் தலைவர் பெயர்களைக் கூப்பிட, கோயில் ஆள் பிறைக்கட்டை இரண்டையும் தரையில் போடுவான், ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து விழுந்தால் கடலம்மா சரி என்கிறாள், யார் பெயருக்கு அதிகம் சரி விழுகிறதோ அவர் வீட்டில் ஒரு வருஷம் தூபச்சட்டி இருக்கும், ஊருக்கே விருந்தும் அவர்தான் போட வேண்டும். பெரியவர் மனப்பாடமாகக் கூப்பிடுகிறவர், நம் சந்துக்கு வந்ததும் பழைய ஞாபகத்தில் உன் அப்பா பெயரையும் சொல்லிவிட்டார். கட்டையும் விழுந்தது பார், சரி, சரி, சரி என்று ஓயவே இல்லையாம். ஊரில் நாம் ஒரே ஒரு கிறிஸ்தவக் குடும்பம், அதிலும் செத்துப்போனவரைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

மேளம் நம் வாசலில் வந்து நின்றபோது நான் பன்றிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சள் பட்டு சுற்றிய சட்டியை சுவா பெரியவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். அண்ணே, எங்கள் வீட்டில் இது ஆகாது, உங்களுக்குத் தெரியாததா என்றேன். அவர், தங்கச்சி, நானா உன்னத் தேர்ந்தெடுத்தேன், அவ தேர்ந்தெடுத்தா, அவகிட்டப் போய்ச் சண்டை போடு என்கிறார். அதோடு விட்டாரா, நீ வேண்டாம்னு சொன்னா நாளையிலிருந்து என் தெப்பத்துல ஏறாதே, கடலம்மாவை வாசலோட திருப்பி அனுப்பினவள ஏத்திக்கிட்டுக் கடலுக்குப் போக எனக்கென்ன பைத்தியமா என்றும் சொல்லிவிட்டார். அவர் தெப்பம் இல்லாமல் கடலுக்குள் நாம் சிப்பி வளர்க்கும் பந்தலுக்கு எப்படிப் போவது, பந்தல் இல்லாமல் எதைத் தின்பது, நீயே சொல். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

சாத்தினால் போவார்கள் என்று நினைத்தேன். அந்தச் சட்டி தரையில் படக் கூடாது, விழுந்த வீட்டு மேசையில்தான் இறங்கலாம், கோயிலுக்குத் திரும்பவும் கூடாது. அதனால் நம் கூரைத் தாழ்வாரத்தில் முறை வைத்துத் தூக்கிக்கொண்டே நின்றார்கள். மழை பிடித்தது. சட்டிக்குக் குடை பிடித்தார்கள், பிடித்தவர்கள் நனைந்தார்கள். டவுனிலிருந்து நம் போதகர் நீயோவை வரச் சொன்னேன், அவர் வந்து சட்டி வாசற்படி தாண்டினால் உங்களுக்குத் திருவிருந்து இல்லை என்றார், சரி, அவர்களைப் போகச் சொல்லுங்கள் என்றால் வேதப்புத்தகத்தைத் திறந்துகொண்டார். அந்த மழையில் வயதானவர்களைப் பட்டினியாக நிறுத்த எனக்கு மனசு வருமா, ஜன்னல் வழியாகச் சிப்பிக் கஞ்சி கொடுத்தேன், போதகரும் இரண்டு கிண்ணம் குடித்தார். மறுநாள் ஆள் மாறி வந்தவர்களும் கஞ்சி கேட்டார்கள். சுவா பெரியவரின் தம்பி, விருந்து நல்லாத்தான் இருக்கு, சட்டியைத்தான் வாங்க மாட்டேங்கிறாங்க என்று சொல்லிச் சிரிக்கிறான். நாங்கள் உள்ளே பாமாலை பாடி ஜெபிக்க, வெளியே எவனோ தாளம் போடுகிறான். ஆண்டவரே, இந்தக் கூத்துக்குள்ளும் நீர் இருக்கிறீரா என்று கேட்டேன். மழைச் சத்தம்தான் கேட்டது.

பானையில் அரிசி தீர்ந்துவிட்டது, இனித் தெப்பமும் இல்லை, வாங்கிவிடலாமா என்று கூட ஒரு நொடி நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். அப்போதுதான் உன் தங்கை எழுந்தாள். இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுதடி என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரனிடம் உப்பு கேட்கக்கூட என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள், கதவைத் திறந்து வாசலில் நின்று, மாமா, எங்க அப்பா செத்துட்டாருன்னு நீங்க கடலம்மாகிட்ட சொன்னீங்களா என்று கேட்டாள்.

சுவா பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. உன் அப்பா சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினவரே அவர்தான். ஆனால் நாம் சபை முறைப்படி அடக்கம் செய்தோமே, கோயிலில் போய் யாரும் அறிவிக்கவில்லை, அவர்கள் வழக்கப்படி அறிவிக்காதவரை கோயிலுக்கு அவர் உயிரோடுதான் இருக்கிறார். எங்களுக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும், ஐயையோ என்று தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தார், கையில் சட்டி இருந்ததால் முடியவில்லை. உடனே ஆளை ஓடவிட்டுக் கோயிலில் விஷயத்தைச் சொல்லிக் கட்டை போடச் சொன்னார். இரண்டும் மல்லாந்து விழுந்ததாம். அப்படி விழுந்தால் அவள் சிரிக்கிறாள் என்று அர்த்தமாம். மறுபடி போட்டாலும் சிரிப்பு, மறுபடியும் சிரிப்பு. செத்தவருக்குச் சட்டி கிடையாது, அடுத்தபடி அதிகம் சரி விழுந்த வீட்டுக்குப் போக வேண்டும், அது யாருடையது தெரியுமா, சுவா பெரியவருடையதேதான். அவர் மனைவி போட்ட சத்தம் நம் வீடு வரை கேட்டது, ஊரைக் கூட்டி விருந்து போட உங்க அப்பன் வீட்டுப் பன்றியா கட்டிக் கெடக்கு என்று.

காலையில் அவரே வந்தார். உட்காரவில்லை. கடலம்மா சார்பாகத் துக்கம் விசாரிக்க வந்தேன், தகவல் இப்பத்தான் கிடைச்சது என்று தலை குனிந்தார். அடக்கத்தன்றுகூட அவ்வளவு அழாத நான் அன்றைக்கு அழுதேன். அப்புறம், தண்ணி வத்துது, தெப்பத்துல ஏறலையா, உங்களுக்காகக் கடல் காத்துக்கிட்டு நிக்குமா என்று கத்தினார். ஏறினோம்.

போன கடிதத்தில் கேட்டிருந்தாயே, நாலே பேர் வரும் சபைக்கு இத்தனை மலை ஏறி இறங்குகிறேன், ஆண்டவர் என்னோடு வருகிறாரா என்றே தெரியவில்லை என்று. நான் படிக்காதவள், போதகரிடம் கேட்டால் வசனம் சொல்வார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், வாசலில் நின்ற உன் தங்கையை நான் பின்னாலிருந்து பார்த்தேன், கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின, கடைசிவரை நிற்கவே இல்லை அந்த நடுக்கம். அவளும் உள்ளே வரவில்லை.

காய்ந்த சிப்பி அனுப்பியிருக்கிறேன், ஈரம் படாத இடத்தில் வை, எல்லாவற்றையும் சபையாருக்கே கொடுத்துவிடாதே. கம்பளிப் பனியனைப் போட்டுக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் சளியையும் போக்குவாராக.

என்றும் உனக்காக மன்றாடும்
அம்மா கிம்லான்

அண்ணா, அம்மா பன்றியைப் பார்க்கப் போயிருக்கிறாள். என் கால் நடுங்கியது உண்மைதான். ஆனால் எனக்குப் பின்னால் அம்மா நின்றது எனக்குத் தெரியாது, யாரோ நிற்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. பிக்ஹா.