கயிற்றுக்கு வெளியே நீண்ட கை

மாப்ளே,

குரங்கணி மலைக்கு ஏறிப் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நேற்று போடியில் நடந்தது ஒற்றைக்கு ஒற்றை குஸ்தி. மதுரைக்காரனிடம் நீ தோற்பதென்று பேசிவைத்துத்தான் நோட்டீஸ் அடித்தேன். பிறகு எதற்கு மூலைக்குத் தவழ்ந்து வந்து, கயிற்றுக்கு வெளியே என் பக்கம் கையை நீட்டினாய்? நாம் ஜோடியாக இறங்கிய காலத்தில், நீ என் கையைத் தொட்டால்தான் உனக்குப் பதில் நான் உள்ளே வருவேன். இப்போது நான் கோட்டுப் போட்டுக் குஸ்தி நடத்துகிற முதலாளி. ஏலக்காய்த் தோட்டத்து ஜனம் "தொடுய்யா!" என்று கத்தியது. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். நீ நீட்டியது பழக்கமா, வலியா, கேலியா?

உன் வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் கேட்டேன்.

"அவருக்கே வெளங்கலையாம்ணே. நீ எதுக்குக் கோட்டைக் கழட்டுன?" என்றாள்.

அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

இப்படிக்கு,
உன் ஜோடி