ராயபுரத்தில் ஸ்பெயின் மன்னர்

15.10.2000, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மனைவி மேரி பூசைக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கேட்காமல் கிழித்து, மொடமொடவென்று கஞ்சி போட்டுக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டேன். மாதா கோயில் திருவிழா நாடகத்தில் நான் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப். மகளின் சரித்திரப் புத்தகப் படத்தைப் பார்த்து, முத்துமாலை உட்பட அப்படியே வேஷம் கட்டினேன்.

மேடையேறியதும் முதல் வரிசையில் இருந்த மேரி புடவையை அடையாளம் கண்டுவிட்டாள். அவள் முறைத்த முறைப்பில் வசனம் மறந்தது.

"இன்னா மாமு, ராஜாவுக்குப் பேச்சு வரல?" என்று கத்தினான் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் அந்தோணி.

மேரி எழுந்தாள். "சும்மா நின்னாலே ராஜா கணக்கா கீறாரு, வுடுய்யா! புடவைய வூட்ல பாத்துக்கறேன்."

கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். படத்தின் கீழே இருப்பது அரசியின் பெயர்.