சுருட்டை விரியனைத் தேடி

7-3-1938
பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தபோது அவர் வீட்டில் இல்லை. மறுபடியும் மலைக்குத்தான். தை மாதம் எங்கள் பையன் காளியைச் சுருட்டை விரியன் தீண்டிக் கொண்டுபோனதிலிருந்து இதே கதி. ஃபாரஸ்ட் கார்டு வேலையைக்கூடக் கவனிப்பதில்லை. கல் கல்லாகப் புரட்டிப் பாம்பு தேடுகிறார்.

9-3-1938
நாத்தனார் செல்லி வந்திருந்தாள். "எந்தம்பி சென்னப்பன் அதத் தேடி அடிச்சாத்தான் மனசு ஆறும். வுட்டுடு சாலம்மா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

13-3-1938, ஞாயிறு
இன்று நானும் கூடப் போனேன். அவர் பாட்டுக்கு முன்னால் நடந்தார்.

தீர்த்தமலைக்குத் தெற்கே முட்காடு. மழை பொய்த்து எல்லாம் காய்ந்து கிடக்கிறது. உடும்பு ஒன்று பாறை இடுக்கில் புகுந்தது. கள்ளியடியில் ஒரு ஆமை, எங்களைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டது. காளியாக இருந்தால் மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பான்.

அப்புறம்தான் கவனித்தேன். அவர் கையில் தடி இல்லை. செருப்பை அடிவாரத்திலேயே கழற்றிப் போட்டிருக்கிறார். கல்லைப் புரட்டி, வெறுங்கையை உள்ளே விடுகிறார்.

அடிக்கவா தேடுகிறார்?

14-3-1938
கணக்குப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது. செல்லியிடம் சொல்லலாமா? என்னவென்று சொல்ல?

20-3-1938, ஞாயிறு
மலையேறும்போது கேட்டேவிட்டேன். "அடிக்கிறதுக்கா தேடறீங்க?"

"நீ வூட்டுக்குப் போ."

"எனக்கும் அவன் புள்ளதாங்க."

அவர் செருப்பைக் கழற்றிப் போட்டார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தேன். அவர் கை வைக்கும் முன் ஒவ்வொரு கல்லையும் நான் புரட்டினேன். வீம்புக்கா? இல்லை, எனக்கும் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்ததோ — தெரியவில்லை.

ஒரு பாறையடியில் இருந்தது. ஒரு முழம்கூடத் தேறாது. மண் நிறம். சுருண்டு உடம்பை உடம்போடு உரச, அரம் தேய்ப்பதுபோல் சத்தம். இத்துனூண்டா எம்புள்ளயக் கொண்டுபோச்சு? கால் நகரவில்லை. நகர்த்தவும் தோன்றவில்லை.

அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். இருவரும் முள்ளில் விழுந்தோம். அது பக்கவாட்டில் நெளிந்து போய்விட்டது.

"நீயும் போயிட்டா நான் என்னடி பண்ணுவன்?"

"அதத்தாங்க நானும் கேக்கறன்."

வெயிலில் அங்கேயே உட்கார்ந்து அழுதார். காளியை எடுத்துப்போன அன்றுகூட அழாதவர்.

21-3-1938
வேலைக்குப் போனார்.

3-4-1938, ஞாயிறு
அவர் மலைக்குப் போகவில்லை. மத்தியானம் களி கிண்டினேன். பழக்கத்தில் மூன்று உருண்டை பிடித்துவிட்டேன். அவர் மூன்றாவதைப் பிட்டுப் பாதியை என் வட்டிலில் வைத்தார்.