பதினொரு தாள்கள்

ஏப்ரல் 3, 2024. புதன்

கொச்சி மட்டாஞ்சேரியில் சுதர்ஷன் சேட்டனின் சுக்குக் கிடங்கு. வெளிநாட்டில் சுக்கு வாங்குகிறவர்கள், வேலை செய்யும் இடத்தில் வெக்கை எவ்வளவு என்று அளந்த சான்று கேட்டிருக்கிறார்களாம். அளக்க எங்கள் ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள், கூடவே ஆளுக்கொரு கேள்வித்தாள். மாடியில் பன்னிரண்டு பெண்கள் சுக்கைத் தரம் பிரிக்கிறார்கள். தலைக்கு மேல் தகர ஷீட். ஏறியதுமே தூசியில் மூச்சு முட்டியது. எனக்கு நோன்பு வேறு. பேச்சி அக்கா என்று ஒருவர், செங்கோட்டைப் பக்கம், ஐம்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃபேனுக்கு நேராக இருந்த தன் ஸ்டூலைத் தந்தார். சூடு எப்படி என்று அவரிடம் மட்டும் கேட்டேன். படிக்குக் கீழே சேட்டன் நின்றிருந்தார்.

"சாரமில்ல மோளே. பழகிருச்சு."

அவர் பரவாயில்லை என்றதை எழுதிக்கொண்டேன். பத்து நிமிஷம் இருந்திருப்பேன். மாடியில் வைக்கவேண்டிய கருவிகளைக் கீழே, கிடங்கு ஆபீஸ் அறைக்கு வெளியே வைத்தேன். கனத்த சுவர், வாசல் காற்று. முப்பது டிகிரி காட்டியது. மீதிப் பதினொரு பேரின் தாளிலும் 'சிரமமில்லை' கட்டத்தில் நானே டிக் போட்டேன். கேட்டிருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்?

ஏப்ரல் 5

ரிப்போர்ட் அனுப்பியாயிற்று. கலூரில் எங்கள் ஆபீஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 23. செவ்வாய்

மத்தியானம் சுதர்ஷன் சேட்டன் போன் செய்தார். பேச்சி அக்கா மாடியில் மயங்கி விழுந்துவிட்டாராம். சூட்டினால்தான் என்று டாக்டர் சொன்னாராம். போன வாரமே அந்தப் பெண்கள் இன்னும் இரண்டு ஃபேன் கேட்டிருக்கிறார்கள். இவர் என் ரிப்போர்ட்டைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"நீங்க அளந்து தந்த பேப்பர் இருக்கே. அதனால எனக்குப் பேடியில்ல, ஒரு பயமுமில்ல" என்றார்.

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். சரி என்று சொன்னேன்!

ஏப்ரல் 24

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சி அக்காவுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்து உட்காரப் பார்த்தார், வேண்டாம் என்றேன். பக்கத்தில் அவருடன் வேலை செய்யும் சங்கரி.

"தப்பு எம்மேலதான் மோளே. நீங்க கேக்கும்போது முதலாளி நிக்காரேன்னு பயந்துட்டேன். சாரமில்லன்னு நான் சொல்லப்போய்த்தானே நீங்க அப்படி எழுதுனீங்க. இவளுகளுக்கும் ஃபேன் கெடைக்காமப் போச்சு."

சங்கரி தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன். படுத்துக் கிடப்பவர் என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். என்ன ஜென்மம் நான்? நோன்பு, தூசி, தலைவலி... ஒன்றும் காரணமில்லை. சோம்பல். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான். நோன்பு வைத்துக்கொண்டு பதினொரு பொய் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 25

வேலை ஓடவில்லை. உம்மா என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 27. சனி

சொல்லிவிட்டேன்.

பேச்சி அக்கா இன்று வேலைக்கு வந்துவிட்டார். வராவிட்டால் கூலி போகுமாம். மாடியில் எல்லோர் முன்னாலும், சேட்டனையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். கருவி இந்த மாடிக்கு வரவே இல்லை, பதினொரு தாளை நானே நிரப்பினேன், பேச்சி அக்கா மேல் தப்பே இல்லை என்று. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும்.

சேட்டன் முகம் கறுத்துவிட்டது. "நான் அந்தப் பேப்பரை விசுவசிச்சுத்தானே இவங்கள மடக்கி அனுப்பினேன், நௌஷிதா" என்றார்.

பேச்சி அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 29

எங்கள் மேலதிகாரி அனந்தநாராயணன் சார், நடந்ததை நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார். ரிப்போர்ட் வாபஸ். இனி ஒரு வருஷம் என் கையெழுத்தில் எதுவும் வெளியே போகாது. மறுபடி அளப்பதற்கு அவரே பொறுப்பு, நான் உதவிக்கு மட்டும். அது முடியும்வரை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மாடியில் யாரும் உட்காரக்கூடாது என்று சேட்டனுக்கு எழுதினார். சேட்டன் ஒப்புக்கொண்டார். சான்று இல்லாமல் சரக்கு போகாது.

மே 7. செவ்வாய்

மூன்று நாளாகக் கருவிகள் மாடியில். நேற்று இரண்டரை மணிக்கு முப்பத்தெட்டரை டிகிரி. பதிவேட்டில் எழுதும்போது சார் என்னைப் பார்க்கவில்லை.

இன்று பெண்களிடம் ஒவ்வொருவராகத் தனியே கேட்டேன். தாளைத் தமிழில் அடித்துக்கொண்டு போயிருந்தேன். பேச்சி அக்கா வந்து உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்பே, "ரொம்பச் சூடு. எழுதிக்கிடுங்க" என்றார். டிக் போட்டேன்.

"குடுங்க, வாசிச்சுப் பாக்கேன்."

கொடுத்தேன். விரல் வைத்து, வரி வரியாக வாசித்தார். பெயர், தேதி, நேரம், டிக் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது வரை. பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதற்குப்பின் வந்தவர்கள் எல்லோரும் தாளுக்குக் கை நீட்டினார்கள்.

சங்கரிக்கு எழுத்து தெரியாது. அவர் தாளைப் பேச்சி அக்காவிடம் கொண்டுபோனார். அக்கா வாசித்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.